லைனிலா, காதிலா

டெலிபோன் லைனில் கரகரப்பு என்று புகார் வந்தால் அலுவலகத்தில் முதலில் தேடப்படும் ஆள் ஒருவர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் பாம்புக்காது. பெயர் சூட்டியவர் சூப்பர்வைசர். ஒரு வீட்டில் மூன்று பேர் போய்க் கைவிரித்துவிட்டு வந்த பிறகு இவர் போனார். ரிசீவரைக் காதில் வைத்த மாத்திரத்தில், “சமையலறைப் பக்கம் ஒயர்ல ஈரம் ஏறியிருக்கு” என்றார். சுவரோரப் பலகையைப் பெயர்த்துப் பார்த்தால் உள்ளே குழாய் கசிந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து பாம்புக்காதுதான்.

வறுக்கிற சத்தம் என்றால் ஈரம். சொடுக்குப் போடுகிற சத்தம் என்றால் தளர்ந்துபோன திருகு. ரீங்காரம் என்றால் பக்கத்தில் கரண்ட் ஒயர் ஓடுகிறது. இதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் பாம்புக்காது என்று புகழ்ந்தவர்கள் யாருக்கும் தெரியாத விஷயம், அவருக்கு உருப்படியாக இருந்தது ஒரே ஒரு காதுதான். வலது காது சின்ன வயதில் சீழ் பிடித்து மந்தமாகிவிட்டது. பிழைப்பு முழுக்க இடது காதை நம்பித்தான் ஓடியது. லைனைச் சோதிக்கும் டெஸ்ட் போனை இடது தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நின்று நின்று கழுத்தே அந்தப் பக்கம் சாய்ந்துபோயிற்று. “கல்யாண போட்டோவிலயே யாரோ ரகசியம் சொல்ற மாதிரிதான் நிக்கிறாரு” என்று அவர் மனைவி வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு விடுமுறை நாள் முற்பகலில், வெளியூரில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள், அப்பா வீட்டுக்குப் போன் செய்தாள். பேச்சுக்கு நடுவே அவருக்கு வறுக்கிற சத்தம் கேட்டது. ஊரார் வீட்டு லைனையெல்லாம் சுத்தம் செய்கிறவர் வீட்டிலேயே கரகரப்பா என்று அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

“என்னம்மா லைன் இப்படி இரையுது?” என்றார்.

“எனக்கு ஒண்ணும் இல்லையேப்பா.”

மனைவி ரிசீவரைப் பிடுங்கிக் காதில் வைத்தாள். “எங்க இரையுது? கண்ணாடி மாதிரி கேக்குது” என்று சொல்லிவிட்டு மகளோடு மாப்பிள்ளை வீட்டு வம்பில் இறங்கிவிட்டாள்.

அவர் விடவில்லை. இந்த வேலைக்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. ஒவ்வொரு பகுதியாகக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டே வர வேண்டும். எதைக் கழற்றும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. மகள் பேசி முடித்ததும் படுக்கையறைப் போனைக் கழற்றினார். சத்தம் இருந்தது. கூடத்துப் போனின் சுருள் ஒயரை மாற்றினார். இருந்தது. வாசல் சுவரில் உள்ள பெட்டியைத் திறந்து, வீட்டுக்குள் போகும் ஒயரையெல்லாம் துண்டித்துவிட்டு, தெருவிலிருந்து வரும் லைனில் நேராக டெஸ்ட் போனை மாட்டிக் கேட்டார். அப்போதும் இருந்தது. சரி, கோளாறு தெருப்பக்கம் என்று முடிவு கட்டி, மாட்டியதைக் கழற்றினார். கழற்றிய போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் அப்படியே இருந்தது. அதன் ஒயர் முனை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எதோடும் ஒட்டு உறவு இல்லாத அந்தப் போனிலும் எண்ணெயில் எதையோ போட்டு வறுத்துக்கொண்டிருந்தார்கள்.

போனைக் கீழே வைத்தார். வறுவல் நிற்கவில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். காதைப் பொத்தினார். பொத்தினால் இன்னும் தெளிவாகக் கேட்டது. கழற்றிவிட வேண்டிய கடைசிப் பகுதி எது என்பது தெரிந்துவிட்டது. அதைக் கழற்ற முடியாது என்பதும் தெரிந்துவிட்டது.

“என்னங்க, கண்டுபுடிச்சீங்களா?” என்று மனைவி உள்ளேயிருந்து கேட்டாள்.

“ம். ஒயர்தான்.”

அதுதான் முதல் பொய். முதல் பொய்க்குத்தான் நாக்குக் கூசும். அதன்பிறகு அது பாட்டுக்கு வரும்.

சொல்லியிருக்கலாமே என்று நாம் சுலபமாகக் கேட்டுவிடலாம். அவர் இடத்தில் நின்று பார்த்தால் தெரியும். காது சரியில்லை என்று எழுதிக் கொடுத்தால் ஏணி, கம்பம் எல்லாம் போய்விடும். பழைய டெலிபோன்களைக் குவித்து வைத்திருக்கும் ஸ்டோர் அறைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. மதியச் சாப்பாட்டுக்குக்கூட யாரும் கூப்பிடுவதில்லை. ஒருநாள் காது டாக்டரின் வாசல்வரை போனார். உள்ளே போனால் டாக்டர் ஒரு பெயர் சொல்லுவார், பெயர் வந்துவிட்டால் நோய் வந்த மாதிரிதான் என்று பயந்து திரும்பி வந்துவிட்டார். இப்படியும் ஒரு மனுஷன்.

பிறகு கமுக்கமாக ஒரு கழித்தல் கணக்குக் கற்றுக்கொண்டார். காலையில் எழுந்ததும் தலையணையில் காதை வைத்து, இன்றைக்கு இரைச்சல் எவ்வளவு என்று அளந்துகொள்வார். புகார் வந்த வீட்டில் அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கேட்பார். சந்தேகம் வந்தால், “ஒருவாட்டி நீங்களே பேசிப் பாருங்களேன், உங்களுக்குத் திருப்தியா இருக்கணுமில்ல” என்று ரிசீவரை வீட்டுக்காரர்களிடம் நீட்டிவிடுவார். எவ்வளவு பணிவான மனுஷன் என்று அவர்கள் மெச்சினார்கள். கணக்கும் ஒருமாதிரி ஓடிக்கொண்டுதான் இருந்தது, தையல்காரம்மா வீட்டுப் புகார் வரும்வரை.

நகரத்தின் கீழ்க்கோடியில், பள்ளத்தில் இறங்குகிற தெரு அது. செல்போன் சிக்னல் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் எட்டிப் பார்ப்பதோடு சரி. பேச வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டுக்கு ஏற வேண்டும். மற்ற வீட்டுக்காரர்கள் அப்படி ஏறி இறங்கப் பழகிக்கொண்டு டெலிபோனை எடுத்துவிட்டார்கள். தையல்காரம்மா மட்டும் எடுக்கவில்லை. அவள் புருஷனுக்கு நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் குழாயோடு படுக்கையில் கிடந்தார். பக்கத்தில் ஒரு மெஷின் ஓயாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மூச்சுமுட்டல் அதிகமானால் ஆம்புலன்ஸைக் கூப்பிட அந்த ஒரு போன்தான் கதி.

“போன தடவை கூப்பிட்டப்ப பாதிப் பேச்சு காதுலயே விழலண்ணே” என்றாள் அவள். தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் சுருட்டி வைத்திருந்தாள். “விலாசத்தக் கத்திக் கத்திச் சொல்ல வேண்டியதாப் போச்சு. இன்னொருவாட்டி அப்படி ஆச்சுன்னா என்ன பண்றதுன்னு நெனச்சா எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல.”

“நான் வந்துட்டேன்ல, பாத்துக்கலாம்மா.”

வெயில் சுள்ளென்று அடித்த மதியம். வாசல் பெட்டியைத் திறந்தார். முறைப்படி வீட்டு ஒயரைக் கழற்றிவிட்டு, தெருவிலிருந்து வரும் லைனில் டெஸ்ட் போனை மாட்டினார். வறுவல் கேட்டது. இலேசான வறுவல். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன்கூட இந்த இடத்தில், வீட்டை விட்டுவிட்டுக் கோளாறைத் தெருவில் தேடப் போயிருப்பான். இவரும் பழைய நாளாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பார். ஆனால் இவர் கழித்தல் கணக்குப் போட்டார். இது நம்ம சத்தம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, டெஸ்ட் போனைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

வீட்டுக்குள்ளே தேடினால் ஒரு குற்றவாளி கையோடு அகப்பட்டது. படுக்கையறைக்குப் போகும் ஒயர் தையல் மெஷினுக்கு அடியில் ஓடியது. மிதிகட்டை உரசி உரசி ஓரிடத்தில் செம்பு தெரிந்தது. அவருக்கு உயிர் வந்தது. புது ஒயர் இழுத்து, சுவரோரமாக ஆணி அடித்துவிட்டார். தையல்காரம்மா ரிசீவரை வாங்கிக் கேட்டாள்.

“முன்னைக்கு இப்ப நல்லாருக்கு. ஆனா அடியில லேசா ஏதோ இருக்கற மாதிரி...”

“அது எல்லா லைன்லயும் இருக்கறதுதாம்மா” என்றார் அவர்.

எல்லா லைனிலும் அவருக்குத்தான் இருந்தது. அவளுக்கு ஏன் கேட்க வேண்டும்? அந்தக் கேள்வி அப்போது அவருக்குத் தோன்றவே இல்லை. படுக்கையிலிருந்த மனிதர் குழாயை ஒரு விரலால் விலக்கி, “ரொம்ப நன்றிங்க” என்றார். அதைச் சொல்லி முடிக்கவே அவருக்கு இரண்டு மூச்சுத் தேவைப்பட்டது. கோளாறு நீங்கியது என்று அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிட்டுப் பாம்புக்காது வீட்டுக்குப் போனார்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. காபித் தம்ளரோடு ஜன்னலோரம் நின்றவருக்கு முதலில் மழைதான் கேட்டது. அப்புறம் மழையின் அடியில் தன் இரைச்சல் கேட்டது. அது எப்போதும்போல ஒரே சீராக, கூடாமல் குறையாமல் ஓடிக்கொண்டிருந்தது. மதியம் கேட்டதோ விட்டு விட்டு வந்தது.

தம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்தார். அடியில லேசா ஏதோ இருக்கற மாதிரி என்று அவள் சொன்னாளே. சொன்னாளே பாவி மகள், சொல்லியும் தன் காதில் ஏறவில்லையே. காய்ந்த வெயிலிலேயே இலேசாக வறுத்த இணைப்பு, இந்த மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஓடிப்போய் அவள் எண்ணைச் சுழற்றினார். காதில் ஏதோ விட்டு விட்டு வந்தது. மழையா, இரைச்சலா, மணியா, ஒன்றும் பிடிபடவில்லை.

“இங்க வா, இதக் கொஞ்சம் கேளு. மணி அடிக்குதா?”

மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டாள். “எங்கேஜ்டுன்னு வருது. ஏன், உங்க பாம்புக்காதுக்கு என்ன வந்துச்சு?”

கொஞ்சம் பொறுத்து மறுபடி சுழற்றி அவளிடம் நீட்டினார். எங்கேஜ்டு. மறுபடியும். எங்கேஜ்டு. பேசிக்கொண்டிருந்தாலும் எங்கேஜ்டுதான் வரும். லைன் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலும் எங்கேஜ்டுதான் வரும். தையல்காரம்மா மணிக்கணக்கில் பேசுகிறவள் இல்லை.

சூப்பர்வைசரைக் கூப்பிட்டு ஆளை அனுப்பச் சொல்லலாம். ஏன் என்று கேட்பார். மதியம்தானே கோளாறு நீங்கியது என்றீர் என்பார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தபடியே அவர் சிறிது நேரத்தைத் தொலைத்தார். ஒரு மனிதர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கலாம் என்று தெரிந்தும், தன் பெயர் கெட்டுவிடுமே என்று யோசித்த அந்தச் சிறிது நேரம் அவரைப் பிற்பாடு தூங்க விட்டதே இல்லை. கடைசியில் ரிசீவரை வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு மழைக்கோட்டைக்கூட மாட்டாமல் வண்டியை எடுத்தார்.

பள்ளத்துத் தெருவில் தண்ணீர் கணுக்காலுக்கு ஓடியது. தையல்காரம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ரிசீவர் இல்லை, ஆனால் கை ரிசீவரைப் பிடித்த மாதிரியே மடங்கியிருந்தது.

“அண்ணே, போன்ல உசுரே இல்லண்ணே! அவருக்கு முட்டுது. உதடெல்லாம் நீலமாயிடுச்சு. பக்கத்து வீட்டுக்காரரு செல்லத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு ஓடினாரு, இன்னும் காணோம்.”

“வண்டில தூக்கிட்டுப் போயிடலாமா?”

“மெஷினக் கழட்டுனா அவரு தாங்க மாட்டாருண்ணே!”

அவர் தெருமுனைக்கு ஓடினார். அங்கே சுவரில் அந்தத் தெரு லைன்கள் பிரிகிற பெட்டி இருந்தது. கோளாறு இங்கிருந்து அவள் வீடு வரையில் எங்கோ இருக்கிறது, அதைத் தேட நேரமில்லை. பெட்டிக்குள் அவள் வீட்டுக்குப் போகும் ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் லைனில் டெஸ்ட் போனை மாட்டினார். ஈரக்கையில் சுரீரென்று கரண்ட் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்தினார். இரைச்சலுக்கு அப்பால் யாரோ எடுத்தது மாதிரி இருந்தது. ஒரு குரல் ஏதோ கேட்டது. பெண் குரலா ஆண் குரலா என்றுகூடத் தெரியவில்லை.

“ஹலோ! ஹலோ! என்ன கேக்கறீங்க?”

குரல் மறுபடி ஏதோ கேட்டது. விலாசமா, பெயரா, வயசா? தப்பாகப் பதில் சொன்னால் வண்டி வேறெங்கோ போய்விடும். வைத்துவிட்டால் மறுபடி கிடைக்குமோ கிடைக்காதோ. இத்தனை வருஷமும் ஊருக்கெல்லாம் காதாக இருந்த மனிதர், நடுத்தெருவில் நனைந்துகொண்டு, தன் காதுக்குள் வந்து முட்டுகிற ஒரு வார்த்தையைப் பிடிக்க முடியாமல் நடுங்கினார்.

“அம்மா! இங்க ஓடியாங்க! எனக்குக் காது கேக்கலம்மா! நீங்க வந்து பேசுங்க!”

அவள் புருஷனை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தண்ணீரை அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். போனைப் பிடுங்கினாள். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார் அவர். “சீக்கிரம் வாங்க” என்று அவள் சொல்லி முடித்தபோதுதான் மூச்சு விட்டார்.

ஆம்புலன்ஸ் வந்தது. தூக்கிக்கொண்டு போனார்கள். ஆள் பிழைத்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். மறுநாள் வேறொரு லைன்மேன் போய், வாசல் பெட்டிக்கு வருமுன்பே, அவள் வீட்டு சன்ஷேடுக்கு அடியில் களிம்பு ஏறிக் கிடந்த பழைய இணைப்பை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போட்டார்.

நமது ஆள் நாலைந்து நாள் படுத்துக் கிடந்தார். மழையில் நனைந்த காய்ச்சல் என்று மனைவி கஷாயம் போட்டுக் கொடுத்தாள். புகார் வரும், விசாரணை வரும் என்று அவர் ஒவ்வொரு டெலிபோன் மணிக்கும் திடுக்கிட்டு எழுந்தார். புகார் வரவில்லை. அதைவிடப் பயங்கரமானது வந்தது. சூப்பர்வைசர் போனில் கூப்பிட்டு, அந்த அம்மா ஆபீஸுக்கே வந்து அவரை வாயார வாழ்த்திவிட்டுப் போனதாகச் சொன்னார். இனிமேல் அந்த வீட்டு லைனுக்கு வேறு யாரையும் அனுப்பக் கூடாது, பாம்புக்காதுதான் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டாளாம்.

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு நேரே தையல்காரம்மா வீட்டுக்குப் போனார். புருஷன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து, “உக்காருங்கண்ணே, நீங்க மட்டும் அன்னிக்கு வரலன்னா...” என்று ஆரம்பித்தாள்.

“அம்மா, அதச் சொல்லாதீங்க.” அவர் உட்காரவில்லை. “மத்தியானமே அந்தச் சத்தம் லைன்ல இருந்துச்சு. நான் கேட்டேன். என் காதுல இருக்கற சத்தம்னு நெனச்சு விட்டுட்டுப் போயிட்டேன்.”

“உங்க காதுலயா?”

“ரொம்ப நாளா இருக்கும்மா. அன்னிக்குக் காது கேக்கலன்னு கத்துனேனே...”

“மழையில யாருக்குத்தான் கேக்கும்னு நெனச்சேன்” என்றாள் அவள். அவள் முகம் மாறுவதை அவர் பார்த்தார். கோபம் வந்திருந்தால் தாங்கியிருப்பார். வந்தது பயம். அவள் விறுவிறுவென்று போய் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, லைன் இருக்கிறதா என்று பார்த்தாள். வைத்தாள். திருப்தி வராமல் மறுபடி எடுத்துப் பார்த்தாள். உள்ளே மெஷின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

“யாருக்கெல்லாம் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது. வீட்டுல கூடச் சொல்லல.”

“அப்ப நாளைக்கும் எங்கயாவது ஒரு வீட்டுக்குப் போய் இப்படித்தான் நிப்பீங்க.”

அவள் புகார் எண்ணைத் தானே சுழற்றினாள், அது அவளுக்கு மனப்பாடம். மணி போகிறதா என்று கேட்டுவிட்டு ரிசீவரை அவரிடம் நீட்டினாள். வாங்கினார். இடது காதில் வைத்தார். வறுவலுக்கு நடுவில் தூரத்தில் சூப்பர்வைசரின் குரல் வந்தது. பழகிய குரல் என்பதால் பாதி கேட்டது, பாதியை ஊகித்துக்கொண்டார்.

“சார், நான்தான் பேசறேன். ஒரு கோளாறு எழுதிக்கணும்.”

“சொல்லுய்யா. எந்த வீடு?”

“வீடு இல்ல சார். என் காது.”

சூப்பர்வைசர் சிரிப்பது கேட்டது. பாம்புக்காது காலங்கார்த்தால ஜோக் அடிக்கிறார் என்று யாரிடமோ சொன்னார். ரிசீவரைக் கீழே வைத்துவிட அது ஒரு நல்ல சந்தர்ப்பம். அவர் தையல்காரம்மாவைப் பார்த்தார். அவள் வைத்த கண் வாங்காமல் நின்றாள். அவர் ரிசீவரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்தி, முதலிலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினார்.